ஜிங்க் ஃபெரைட்டுக்கு எக்ஸாஃப்ஸ்: எட்டு மில்லிகிராமும் பதினெட்டு மில்லிகிராமும்

ஜிங்க் ஃபெரைட் (துத்தநாக-இரும்பு ஆக்ஸைடு) நானோ தூளுக்கு எக்ஸ்ஆர்டி, அதாவது படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை, எடுத்தாயிற்று. ஸ்பைனல் என்ற படிக அமைப்பு சுத்தமாக வந்திருக்கிறது, அயல் பீக் (வேறு பொருளின் முகடு) எதுவும் இல்லை, துகள் அளவு 15 நானோமீட்டர். ஆனால் தூளின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் ஓடிவந்து ஒட்டுகிறது. ஜிங்க் ஃபெரைட் அறை வெப்பநிலையில் அப்படி நடந்துகொள்ளக் கூடாது. துத்தநாகமும் இரும்பும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன என்பதுதான் வழக்கமான விளக்கம். அதைக் காட்டுவது எப்படி என்று வரும்போதுதான் எக்ஸ்ஆர்டி கையை விரிக்கிறது. இரும்பின் அணு எண் 26, துத்தநாகத்தின் அணு எண் 30. சாதாரண ஆய்வக எக்ஸ்ரே கருவிக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. யார் எங்கே இருக்கிறார் என்று பிரித்துச் சொல்வது கடினம். அதிலும் 15 நானோமீட்டர் துகளின் அகன்ற பீக்குகளை வைத்துக்கொண்டு ரீட்வெல்ட் (முழு வரைவையும் படிக மாதிரியோடு பொருத்தும் கணக்கு) செய்து இடமாற்றத்தைக் கணக்கிட்டால், வரும் எண்ணைவிட அதன் பிழை பெரிதாக இருக்கும்.

எக்ஸ்ரே உட்கவர் நிறமாலை இந்த இடத்தில் கைகொடுக்கும். எக்ஸ்ரேயின் ஆற்றலை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், 7112 எலக்ட்ரான் வோல்ட்டில் இரும்பின் உள்கூட்டு எலக்ட்ரான் கழன்று உட்கவர்தல் சட்டென்று எகிறும். துத்தநாகத்துக்கு இது நடப்பது 9659-இல். இதைத்தான் விளிம்பு என்கிறோம். விளிம்பையும் அதை ஒட்டிய சில பத்து எலக்ட்ரான் வோல்ட்டையும் (இனி சுருக்கமாக வோல்ட்) ஸேன்ஸ் என்பார்கள். அதற்கு மேல் பல நூறு வோல்ட் வரை நீளும் மெல்லிய அலைவு எக்ஸாஃப்ஸ். வெளியேறும் எலக்ட்ரான் அலை பக்கத்து அணுக்களில் மோதித் திரும்பி வந்து தன்னோடு தானே குறுக்கிடுவதால் அந்த அலைவு உண்டாகிறது. சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் மூவரும் 1971-இல் அதை ஃபூரியர் மாற்றம் செய்து, பக்கத்து அணுக்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று படிக்கலாம் எனக் காட்டினார்கள். நமக்கு முக்கியமானது இதுதான்: 9659-இல் பேசுவது துத்தநாகம் மட்டும், 7112-இல் பேசுவது இரும்பு மட்டும்.

ஸ்பைனலில் உலோகத்துக்கு இரண்டு வகை இருக்கை. நான்முகி இடத்தில் சுற்றிலும் நான்கு ஆக்ஸிஜன், எண்முகி இடத்தில் ஆறு. ஒழுங்கான ஜிங்க் ஃபெரைட்டில் துத்தநாகம் முழுக்க நான்முகியில், இரும்பு முழுக்க எண்முகியில். படிகத்தின் அலகுக் கூட்டின் நீளம் 8.44 ஆங்ஸ்ட்ரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எண்முகிக்கும் எண்முகிக்கும் 2.98, எண்முகிக்கும் நான்முகிக்கும் 3.50, நான்முகிக்கும் நான்முகிக்கும் 3.65 ஆங்ஸ்ட்ரம். ஆக, நான்முகியில் இருக்கும் துத்தநாகத்துக்கு 2.98-இல் உலோக அண்டை வீட்டார் எவரும் கிடையாது. துத்தநாகத்தின் தரவில் அந்தத் தூரத்தில் ஒரு பீக் தலைகாட்டினால் சில துத்தநாக அணுக்கள் எண்முகிக்குக் குடிபெயர்ந்துவிட்டன என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பது இரும்பா துத்தநாகமா என்று எக்ஸாஃப்ஸாலும் பிரிக்க முடியாது, ஆனால் இங்கே அது தேவையே இல்லை. தூரமே விடையைச் சொல்லிவிடுகிறது.

இத்தனை அழகான கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் பெல்லட்தான், அதாவது அளப்பதற்காகத் தூளை அழுத்திச் செய்யும் வில்லை.

இரண்டு விளிம்புக்கு ஒரே பெல்லட் போதாது

டிரான்ஸ்மிஷன் முறையில், அதாவது பெல்லட்டை ஊடுருவி வரும் கதிரை அளக்கும்போது, விளிம்பில் எகிறும் உயரம் சுமார் 1 இருக்க வேண்டும். விளிம்புக்கு மேல் மொத்த உட்கவர்தல் (உள்ளே போன கதிரை வெளிவந்ததால் வகுத்த விகிதத்தின் இயல் மடக்கை) 2.5-ஐத் தாண்டக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் இதைப் பொருளுக்குப் பொருள், விளிம்புக்கு விளிம்பு கணக்குப் போடுவதற்குப் பதிலாக, "பத்து மில்லிகிராம் போடு" என்று சீனியர் சொன்ன அளவையே எல்லாவற்றுக்கும் போடுவதுதான் நடைமுறை.

கணக்கு எளிது. இரும்பு விளிம்பில் தூய இரும்பின் உட்கவர்தல் கெழு கிராமுக்கு ஏறக்குறைய 53 சதுர செ.மீ.யிலிருந்து 408-க்குத் தாவுகிறது. தாவல் 355. ஜிங்க் ஃபெரைட்டின் எடையில் இரும்பு 46 சதவீதம். பெருக்கினால் 164. எகிறல் 1 வர வேண்டுமானால் ஒரு சதுர செ.மீ.க்கு 6.1 மி.கி. வேண்டும். 13 மி.மீ. டையின் (பெல்லட் அச்சின்) பரப்பு 1.33 சதுர செ.மீ. ஆக 8 மி.கி. ஃபெரைட் போதும். கூடவே கட்டுவதற்கு 100 மி.கி. போரான் நைட்ரைடு. அதுவும் சும்மா இருக்காது, இந்த ஆற்றலில் சுமார் 0.5 தின்னும். எல்லாம் கூட்டினால் விளிம்புக்கு மேல் 1.85. நல்ல பெல்லட்.

இப்போது துத்தநாகம். எடையில் அது 27 சதவீதம்தான், தாவல் கிராமுக்கு 59 சதுர செ.மீ. மட்டுமே. ஆனால் 9659-இல் இரும்பு ஏற்கெனவே முழு மூச்சாக உட்கவர்ந்துகொண்டிருக்கிறது. விளிம்புக்குக் கீழேயே கெழு 98. எகிறல் 1 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மொத்தம் 2.5-ஐத் தாண்டிவிடும். எகிறல் 0.8-உடன் சமாதானமாகிப் போவதே சரி. அதற்கு 18 மி.கி. வேண்டும், மொத்தம் 2.3 அளவில் நிற்கும்.

ஒரே பெல்லட்டில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று 18 மி.கி. பெல்லட்டை இரும்பு விளிம்பில் வைத்தால் மொத்தம் 3.4-க்குப் போய்விடும். அங்கே ஹார்மோனிக் (மடங்கு ஆற்றலில் கூடவே நுழையும் கதிர்) தன் வேலையைக் காட்டும். ஒரே ஆற்றலைப் பிரித்தெடுக்கும் மோனோகுரோமேட்டரில் சிலிக்கான் 111 படிகம் இருந்தால் 7.1 கிலோ வோல்ட்டோடு அதன் மூன்று மடங்கான 21.3-உம் கொஞ்சம் நுழையும். வெறும் 1 சதவீதம் நுழைந்தது, டிடெக்டர் இரண்டையும் ஒரே மாதிரி எண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த பெல்லட்டில் 7.1 கிலோ வோல்ட் கதிர் 3 சதவீதம்தான் வெளியே வருகிறது, 21.3 முக்கால்வாசி அப்படியே தாண்டிவிடுகிறது. வரும் ஒளியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பொய். நார்மலைஸ் செய்த (விளிம்பின் உயரத்தை 1 ஆக்கிய) பிறகு அலைவின் உயரம் 12 சதவீதம் குறைந்திருக்கும். உண்மையில் ஆறு ஆக்ஸிஜன் இருந்தாலும் ஃபிட்டில் 5.3 வரும். உடனே "நானோ துகள், மேற்பரப்பு விளைவு, ஆக்ஸிஜன் காலியிடம்" என்று ஒரு பத்தி எழுதப்படும். 8 மி.கி. பெல்லட்டில் இதே 1 சதவீத ஹார்மோனிக் 5.9-ஐத் தரும். அச்சில் வந்திருக்கும் ஆக்ஸிஜன் காலியிடங்களில் எத்தனை இப்படிப் பிறந்தவையோ!

மாறாக 8 மி.கி. பெல்லட்டைத் துத்தநாக விளிம்பில் வைத்தால் எகிறல் 0.36. இரைச்சல் கூடும், ஆனால் பொய் சொல்லாது. வேறு வழியில்லை என்றால் மெல்லிய பெல்லட்டையே தேர்ந்தெடுங்கள், இன்னும் இரண்டு ஸ்கேன் கூடுதலாக எடுங்கள்.

நானோதானே, அரைக்க வேண்டாமே?

வேண்டும். 15 நானோமீட்டர் என்பது படிகத்தின் அளவு. உலர்ந்த தூளில் அவை ஆயிரக்கணக்கில் கட்டிக்கொண்டு பத்து, இருபது, ஐம்பது மைக்ரான் உருண்டைகளாக இருக்கும். விளிம்புக்கு மேல் ஜிங்க் ஃபெரைட்டின் உட்கவர் நீளம் 9 மைக்ரான்தான். உருண்டை அதைவிடப் பெரிது என்றால் கதிர் உருண்டைக்குள் போகாமல், நடுவில் இருக்கும் போரான் நைட்ரைடு சந்துகள் வழியாக நழுவிவிடும். விளைவு ஹார்மோனிக் செய்த அதே கோளாறு: அலைவு தட்டையாகும், அண்டை அணு எண்ணிக்கை குறையும். உருண்டைகள் 2 மைக்ரானுக்குள் வர வேண்டும்.

அதற்காகப் பால் மில்லில் போட்டுச் சுழற்றிவிடாதீர்கள். ஜிங்க் ஃபெரைட்டை உயர் ஆற்றலில் அரைத்தாலே துத்தநாகமும் இரும்பும் இடம் மாறும். அது நன்கு அறியப்பட்ட சங்கதி. எதை அளக்கப் போகிறோமோ அதையே அரைவையில் உண்டாக்கிவிட்டு அளந்த கதையாகிவிடும். அகேட் கல்வத்தில், கையால், சில சொட்டு ஐசோபுரொப்பனால் விட்டு அரைத்தால் போதும். சித்த மருந்து அரைக்கிற பொறுமை வேண்டும், பலம் வேண்டாம். பிறகு ஐசோபுரொப்பனாலில் கலக்கி, சோனிக்கேட்டரில் சில நிமிடம் வைத்து, சற்று நேரம் தெளியவிட்டு, மேலே மிதக்கும் மெல்லிய பகுதியை மட்டும் இறுத்து உலர்த்துவது இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: மாதிரியில் இரண்டு கட்டங்கள் (வெவ்வேறு படிகப் பொருள்கள்) கலந்திருக்கும் சந்தேகம் இருந்தால் இறுப்பது கூடாது. கனமானது அடியில் தங்கி, கலவை விகிதமே மாறிவிடும்.

போரான் நைட்ரைடோடு கலப்பதிலும் ஒரு முறை உண்டு. 8 மி.கி.யை 100 மி.கி.க்குள் மொத்தமாகக் கொட்டிக் கிளறினால் திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். முதலில் அதே அளவு போரான் நைட்ரைடு சேர்த்து அரைக்க வேண்டும், பிறகு இருக்கும் அளவுக்குச் சமமாக, பிறகு அதற்கும் சமமாக என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். கல்வத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால் 16-க்கு 200 என்று இரட்டை அளவில் கலந்து, அதிலிருந்து 108 மி.கி. எடைபோட்டு எடுத்து, 2 முதல் 3 டன் அழுத்தத்தில் பெல்லட் போடுங்கள். கைபேசி டார்ச்சை இருட்டறையில் பெல்லட்டின் பின்னால் பிடித்துப் பார்த்தால் திட்டும் விரிசலும் தெரியும். நிறம் சீரில்லை என்றால் உடைத்து மறுபடி அரைப்பதைவிட வேறு குறுக்குவழி கிடையாது. இரு பக்கமும் கேப்டன் (Kapton) டேப் ஒட்டி, பெயரோடு எடையையும் எழுதிவையுங்கள். "மாதிரி 3" என்று மட்டும் எழுதிய பெல்லட் ஆறு மாதம் கழித்து யாருக்கும் உதவாது.

கூடவே கொண்டுபோக வேண்டிய ஸ்டாண்டர்டுகள் (ஒப்பிடுவதற்கான, அமைப்பு தெரிந்த பொருள்கள்): உயர் வெப்பநிலையில் சுட்டு உலையிலேயே மெதுவாக ஆறவிட்ட பெரும்படிக ஜிங்க் ஃபெரைட், ஜிங்க் ஆக்ஸைடு, ஹேமடைட், மேக்னடைட். முதலாவது இல்லாமல் போவது வீண் பயணம். ஏன் என்பது கீழே வரும்.

பீம்லைனில்

இந்தியாவில் இந்த வேலைக்கு இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்திலுள்ள இன்டஸ்-2 சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றி எக்ஸ்ரே எடுக்கும் கருவி) இருக்கிறது. 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஓடும் வளையம். அதில் பி.எல்-9 என்ற பீம்லைன் (வளையத்திலிருந்து கதிர் வந்துசேரும் அளவை நிலையம்) ஆற்றலைப் படிப்படியாக ஏற்றி அளப்பது. அதன் வரம்பு 4 முதல் 25 கிலோ வோல்ட் என்பதால் நம் இரண்டு விளிம்பும் உள்ளே அடங்கும். பி.எல்-8 வளைந்த படிகத்தைக் கொண்டு மொத்த நிறமாலையையும் ஒரே நேரத்தில் விரித்துப் பிடிப்பது. சூடேற்றும்போது நடக்கும் மாற்றத்தைப் பின்தொடர அது பொருத்தம். நம் பெல்லட்டுக்குப் பி.எல்-9 போதும்.

முதல் வேலை, மோனோகுரோமேட்டரின் இரண்டாம் படிகத்தைச் சற்றே தள்ளி, ஒளியில் 30 முதல் 40 சதவீதத்தை இழப்பது. மூன்றாம் ஹார்மோனிக்கின் கோண அகலம் மிகக் குறுகலானது, அது உடனே விழுந்துவிடும். ஒளி குறைகிறதே என்று மனசு வராமல் இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடுத்து, கதிரின் அளவைக் காட்டும் அயனிக்கூடங்களின் வாயு. முன் கூடம் 10 முதல் 20 சதவீதம், பெல்லட்டுக்குப் பின்னாலுள்ள கூடம் 70 முதல் 80 சதவீதம் உட்கவர வேண்டும். இரும்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாறும்போது கலவையையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நள்ளிரவு ஷிஃப்டில் மறக்கிற விஷயம் இதுதான்.

மூன்றாம் கூடத்துக்கு முன் இரும்புத் தகடு எப்போதும் இருக்கட்டும், துத்தநாக விளிம்புக்கு மாறும்போது துத்தநாகத் தகடு. ஒவ்வொரு ஸ்கேனிலும் தகட்டின் விளிம்பு கூடவே பதிவாகும். பீம் நகர்ந்தால், படிகம் சூடானால், ஆற்றல் அளவு சில பத்தில் ஒரு பங்கு வோல்ட் நகரும். தகடு இல்லையென்றால் அந்த நகர்வுக்கு "இரும்பின் ஆக்ஸிஜனேற்ற நிலை மாற்றம்" என்று பெயர் வைத்துவிடுவீர்கள்.

ஸ்கேன் அமைப்பு: விளிம்புக்கு 150 வோல்ட் கீழிருந்து 30 வோல்ட் கீழ் வரை 5 வோல்ட் படி, அங்கிருந்து 30 வோல்ட் மேல் வரை அரை வோல்ட் படி, பிறகு கே (வெளியேறும் எலக்ட்ரானின் அலை எண்) அளவில் 0.05 படியாக 13 வரை. விளிம்புக்கு மேலுள்ள ஆற்றலை 3.81-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கே கிடைக்கும். 13 என்பது சுமார் 644 வோல்ட். மொத்தம் 350 புள்ளி. புள்ளிக்கு 2 விநாடி என்றால் 12 நிமிடம், மோட்டார் நகரும் நேரம் தனி. விளிம்பில் 0.1 வோல்ட் படி வைப்பதால் பயனில்லை; 7112-இல் சிலிக்கான் 111-இன் பிரிதிறனே ஒரு வோல்ட்டை ஒட்டித்தான். அந்த நேரத்தை 10-க்கு மேற்பட்ட கே பகுதிக்குக் கொடுங்கள், அலைவு அங்கேதான் மெலிந்துகிடக்கிறது.

கோபால்ட் கலந்த ஜிங்க் ஃபெரைட் என்றால் ஒரு தடை உண்டு. கோபால்ட்டின் விளிம்பு 7709. இரும்பின் அலைவு 12.5-லேயே வெட்டுப்படும். பீம்டைம் விண்ணப்பம் எழுதும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் ஸ்கேன் முடிந்ததும் பெல்லட்டை ஒரு மி.மீ. நகர்த்தி இன்னொன்று எடுங்கள். விளிம்பின் உயரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பெல்லட் சீரானது. 10 சதவீதம் வித்தியாசம் என்றால் அந்தப் பெல்லட்டில் மேற்கொண்டு நேரம் செலவழிக்காதீர்கள். டிரான்ஸ்மிஷன் சரியில்லையே என்று ஃப்ளோரசென்ஸுக்கு (மாதிரி திருப்பி உமிழும் எக்ஸ்ரேயை அளக்கும் முறைக்கு) தாவுவது இன்னொரு தவறு. இவ்வளவு அடர்ந்த மாதிரியில் சுய உட்கவர்தல் அலைவை நசுக்கிவிடும். ஃப்ளோரசென்ஸ் நீர்த்த மாதிரிகளுக்கும் மெல்லிய படலங்களுக்கும் உரியது. கடைசியாக, கோப்பில் விகிதத்தை மட்டும் சேமிக்காமல் மூன்று கூடங்களின் மூல எண்களையும் சேமியுங்கள். ஒரு கூர்முனை மாதிரியிலிருந்து வந்ததா, படிகத்திலிருந்து வந்ததா என்று பிற்பாடு அதில்தான் தெரியும்.

2.6-இல் ஒரு மேடு

அதீனா மென்பொருளில் தகடுகளின் தரவை ஒன்றோடொன்று பொருத்தி, மூன்று ஸ்கேன்களையும் மேலே மேலே வைத்துப் பார்த்த பிறகே சேர்க்கவும். கே 3 முதல் 12 வரை, கே ஸ்கொயர் எடையில் ஃபூரியர் மாற்றம் எடுத்தால் துத்தநாகத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ரம் அருகே ஆக்ஸிஜன் பீக் வரும். உண்மைத் தூரம் 1.98, கட்ட நகர்வால் (சிதறும்போது அலை சற்று முன்பின் நகர்வதால்) எல்லாமே 0.3 முதல் 0.5 ஆங்ஸ்ட்ரம் குறைவாகத் தெரியும். நான்முகித் துத்தநாகத்தின் உலோக பீக் 3.1 அருகே, எண்முகிக்குப் போனதன் உலோக பீக் 2.6 அருகே. படத்திலிருந்து 2.6 என்று படித்து அதையே பிணைப்பு நீளமாக எழுதிய கட்டுரைகள் இன்னமும் வருகின்றன.

2.6-இல் ஒரு மேடு தெரிந்ததும் குதிக்க வேண்டாம். ஆக்ஸிஜன் பீக்கின் பக்கவாட்டு அலை அங்கேயும் விழும். கே எல்லைகளை அரை அரையாக நகர்த்திப் பாருங்கள். பொய் மேடு ஊர்ந்து போகும், மெய் மேடு நகராது. எடையைக் கே கியூபுக்கு ஏற்றுங்கள். கனமான உலோகம் அதிக கே-யில் நன்றாகச் சிதறும், ஆக்ஸிஜன் அங்கே ஓய்ந்துவிடும். ஆகவே உலோக மேடு ஆக்ஸிஜன் பீக்கை ஒப்பிட வளர வேண்டும். வளரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு பொறி 2.9-இல் இருக்கிறது. வினைபுரியாமல் தங்கிய ஜிங்க் ஆக்ஸைடில் துத்தநாகத்துக்கும் துத்தநாகத்துக்கும் இடையே 3.2 ஆங்ஸ்ட்ரம். அதன் பீக் சரியாக 2.6-க்கும் 3.1-க்கும் நடுவில் வந்து விழுந்து இரண்டையும் குழப்பும். சில சதவீதம் உருவற்ற ஜிங்க் ஆக்ஸைடு எக்ஸ்ஆர்டியில் தெரியாது. அதற்குத்தான் ஜிங்க் ஆக்ஸைடு ஸ்டாண்டர்ட்; ஸேன்ஸ் பகுதியில் நேரியல் கலவைப் பொருத்தம் செய்து அதன் பங்கை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆர்ட்டெமிஸ் மென்பொருளில் ஃபிட் செய்யும்போது நான்முகித் துத்தநாகத்துக்கு ஒரு ஃபெஃப் (எலக்ட்ரான் சிதறலைக் கணிக்கும் நிரல்) கணக்கு, எண்முகித் துத்தநாகத்துக்கு இன்னொன்று. எண்முகிக்குப் போன பங்கை எக்ஸ் என்று வைத்து, முதலாவதன் வீச்சை (1 − எக்ஸ்)-ஆல் பெருக்குங்கள், இரண்டாவதை எக்ஸால். வீச்சுக் காரணியான எஸ் நாட் ஸ்கொயரை மிதக்க விடாதீர்கள். அது அண்டை எண்ணிக்கையோடும் எக்ஸோடும் ஒட்டிக்கொண்டு ஆடும். பெரும்படிக ஜிங்க் ஃபெரைட்டில் எக்ஸ் பூஜ்யம் என்று வைத்து அதிலிருந்து இந்தக் காரணியை எடுத்து, நானோ மாதிரிக்கு அதையே நிலைநிறுத்துங்கள். அந்த ஸ்டாண்டர்ட் இல்லாமல் போகக் கூடாது என்றது இதற்காகத்தான். பிறகு மிதப்பவை எக்ஸ், ஆற்றல் நகர்வு, கூட்டின் விரிவு, ஆக்ஸிஜனுக்கு ஒரு சிக்மா ஸ்கொயர் (தூரத்தின் பரவல்), உலோகத்துக்கு ஒன்று. ஐந்துதான். ஆர் (தூரம்) 1.1 முதல் 3.7 வரை ஃபிட் செய்தால் சார்பற்ற புள்ளிகள் சுமார் 15. தாராளம்.

இரும்புத் தரவையும் அதே எக்ஸோடு சேர்த்து ஒரே ஃபிட்டில் கட்டுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு துத்தநாகத்துக்கும் ஒரு இரும்பு நான்முகிக்கு வர வேண்டும். இரும்பு இரு மடங்கு இருப்பதால் அதில் பங்கு எக்ஸில் பாதி. ஆகவே துத்தநாகத் தரவே கூர்மையான சாட்சி, இரும்பு அதற்கு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் சாட்சி. இரும்பின் ஸேன்ஸில் 7114 அருகே இருக்கும் சிறு முன்விளிம்பு மேடும் உதவும். நான்முகியில் இரும்பு கூடக்கூட அது உயரும். பெரும்படிக மாதிரியின் மேட்டோடு ஒப்பிட்டு, உயர்ந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள். அதிலிருந்து சதவீதம் எடுக்கப் போனால் பின்புலத்தைக் கழித்த முறையே விடையைத் தீர்மானித்துவிடும்.

சிக்மா ஸ்கொயர் எதிர்மறையாகவோ 0.02-க்கு மேலோ வந்தால், ஆற்றல் நகர்வு 10 வோல்ட்டைத் தாண்டினால், ஆர் ஃபேக்டர் (ஃபிட் தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்) எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஃபிட் குப்பைக்குத்தான். தூரத்தில் 0.01 முதல் 0.02 ஆங்ஸ்ட்ரம், அண்டை எண்ணிக்கையில் 10 முதல் 20 சதவீதம் பிழை இயல்பு. கோள வடிவ 15 நானோமீட்டர் துகளில் மேற்பரப்பால் குறையும் உலோக அண்டை எண்ணிக்கை 3, 4 சதவீதம்தான். 5 நானோமீட்டரில்தான் 10 சதவீதத்தைத் தொடும். 15 நானோமீட்டருக்கு 12-க்குப் பதில் 9 வந்து, அதை மேற்பரப்பு விளைவு என்று எழுதத் தோன்றினால், கட்டுரையை மூடிவைத்துவிட்டு அந்தப் பெல்லட்டை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள்.